கொம்பு முன்னால் நிற்க வேண்டும்

கணினித் திரையில் ஒரு சாளரம் திறந்தால் அதற்குத் தலைப்புப் பட்டை வரைய வேண்டும், மூடும் பொத்தான் வைக்க வேண்டும். எங்கே உட்கார வைப்பது, தட்டும் எழுத்து எந்தச் சாளரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் யாராவது முடிவு செய்ய வேண்டும். லினக்ஸில் இதற்கென்று தனி நிரல் உண்டு. விண்டோ மேனேஜர், சாளர மேலாளர். க்னோம், கேடிஈ போன்ற முழுப் பணிமேடைகளுக்குள் அது கரைந்து கிடப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2 ஜிபி நினைவகத்தோடு ஒரு பழைய மடிக்கணினி கைக்கு வரும்போதுதான் அதன் அருமை புரியும். முழுப் பணிமேடை, உலாவியைத் திறப்பதற்கு முன்பே அந்த நினைவகத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொண்டுவிடும். ஓப்பன்பாக்ஸ் போன்ற தனிச் சாளர மேலாளர் பத்து இருபது எம்பியோடு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும்.

சென்னையில் அப்படிப்பட்ட இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகக் கிடைப்பவை, கம்பெனிகள் கழித்துவிட்டவை, 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்து அக்காவிடமிருந்து தம்பிக்கு இறங்கியவை. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் அழைப்பிதழ் அடிக்கும் டி.டி.பி. கடைகள், மந்தைவெளியில் மாலை டியூஷன் நடக்கும் வீடுகள், அடையாறில் ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் ஒரு வாசகசாலை என்று பல இடங்களில் இவற்றுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்து வருகிறேன். ஒவ்வொன்றிலும் அதே அமைப்பைக் கையால் செய்வது அலுத்துப்போய், அதை டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரே கட்டளையில் நிறுவக்கூடிய பொதியாகக் கட்டினேன்.

இந்த ஊருக்கு இது புதிய வேலை இல்லை. டெபியனை அடியாக வைத்து இந்திய மொழிகளோடு உருவான பாஸ் லினக்ஸ், தரமணியில் சி-டாக்கின் சென்னை மையத்திலிருந்துதான் 2007-ல் வந்தது. விலையில்லா மடிக்கணினிகளின் தொடக்கக் காலத் தொகுதிகளில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. ஐ.ஐ.டி. வளாகத்தில் ஏரோஸ்பேஸ் துறைக் கட்டடத்தில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவில், பொதி கட்டுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்கள் இருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

என் சொந்தக் கணினியில் நீண்ட நாள் ஓடியது டிடபிள்யூஎம் என்ற சாளர மேலாளர். 2006-ல் ஆன்செல்ம் கார்பே தொடங்கியது. மொத்த மூல நிரலும் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்று தமக்குத்தாமே எல்லை போட்டுக்கொண்டவர்கள் அதை எழுதுபவர்கள். அமைப்புக் கோப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு சி மொழித் தலைப்புக் கோப்பைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் முழுதாகப் படித்து முடித்துவிடக்கூடிய நிரலை நாள் முழுவதும் கையாள்வதில் இருக்கும் நிம்மதியை நான் வேறு மென்பொருளில் கண்டதில்லை.

ஆனால் என் மடிக்கணினியில் ஒரு நாள் மயிலாப்பூர் டி.டி.பி. கடைக்காரரின் கோப்பைத் திறந்தேன். கோப்பின் பெயர் 'பெண் வீட்டார்'. உள்ளே எழுத்துகள் சரியாக இருந்தன. பக்கத்தில் நின்றவர் திரையின் உச்சியில் இருந்த பட்டையைக் காட்டினார். "தம்பி, கொம்பு எழுத்துக்குப் பின்னாடி வந்து நிக்குது பாருங்க. பார்ட்டி பார்த்தா நான் தப்பா அடிச்சிட்டேன்னு நினைப்பாங்க."

காரணம் சுலபமானது. யூனிகோடில் 'பெ' என்பது முதலில் 'ப', அதன் பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். 'கொ' என்றால் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்துக்கு இருபுறமும் நிறுத்த வேண்டும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் செய்கிற வேலை இது. டிடபிள்யூஎம் தன் பட்டையில் எழுத எக்ஸ்எஃப்டி என்ற நூலகத்தை மட்டுமே நம்புகிறது. எக்ஸ்எஃப்டி, வந்த வரிசையிலேயே ஒவ்வொரு குறியாக எடுத்து வைத்துவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்துக்கு அது போதும்.

ஓப்பன்பாக்ஸ் தலைப்புகளை எழுதப் பேங்கோ என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. பேங்கோ ஹார்ஃப்பஸை அழைக்கும். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். எடை கூடுமே என்று எளிமை விரும்பிகள் சொல்வார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்பதில்லை. கடைக்காரர் திறக்கும் கோப்பு மேலாளரும் உரைத் திருத்தியும் ஏற்கெனவே பேங்கோவை நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கின்றன. பகிர்வு நூலகத்தின் நிரல் பகுதி ஒரு முறைதான் நினைவகத்தில் இருக்கும். சாளர மேலாளரும் அதையே பகிர்ந்துகொள்கிறது. கூடுதல் செலவு சொற்பம். அப்படியே செலவு அதிகமாக இருந்தாலும் குறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் தமிழ் எழுத்தை நான் சேர்க்க மாட்டேன். நிழல்கள் போகட்டும், அசைவுகள் போகட்டும், ஒளி ஊடுருவும் பட்டைகள் போகட்டும். தன் பெயரைத் திரையில் சரியாகப் பார்க்க முடியாத கணினியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வேகமாக ஓடுகிறது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். தலைப்புப் பட்டையின் உயரத்தை ஓப்பன்பாக்ஸ், நாம் சொல்லும் எழுத்துருவை அளந்து முடிவு செய்கிறது. ஆங்கில எழுத்துரு ஒன்றைச் சொல்லிவிட்டு, தமிழுக்கு மாற்று எழுத்துரு தானாக வரட்டும் என்று விட்டால் 'கூ', 'ழு' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும். அதனால் லோஹித் தமிழ் எழுத்துருவை முதலில் வைத்து, ஒரு புள்ளி அளவு கூட்டிவிடுகிறேன். பட்டை சற்றுத் தடிக்கும். வயதான கண்களுக்கு அதுவும் நல்லதுதான்.

இனி பொதி. இங்கேதான் என் சொந்த விருப்பங்களை ஒவ்வொன்றாக உதிர்க்க வேண்டியிருந்தது. எனக்குத் தலைப்புப் பட்டையே வேண்டாம், எலியும் வேண்டாம். கடைக்காரருக்கு வலது மூலையில் பெருக்கல் குறி வேண்டும். டியூஷன் பிள்ளைகளுக்கு, எலி நகர்ந்தவுடன் கவனம் வேறு சாளரத்துக்குத் தாவினால் குழப்பம். சொடுக்கினால் மட்டும் மாற வேண்டும். மெய்நிகர் மேடைகளுக்கு எண்களை எடுத்துவிட்டுப் 'பாடம்', 'இணையம்', 'அச்சு' என்று பெயர் வைத்தேன்.

அமைப்புக் கோப்புகளை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. புதிய பயனர் கணக்குகளுக்கான மாதிரி அடைவில் போட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அதில் வைத்தவை, கணக்கு உருவாகும்போது ஒரே ஒரு முறை நகலாகும். பிறகு நாம் என்ன திருத்தினாலும் அந்தப் பயனரைப் போய்ச் சேராது. ஓப்பன்பாக்ஸ் பொதியின் கோப்பையே மேலெழுதலாமா என்றால், இன்னொரு பொதிக்குச் சொந்தமான அமைப்புக் கோப்பைத் தொடக் கூடாது என்று டெபியன் கொள்கை தெளிவாகச் சொல்கிறது. அது நியாயமான விதி. பல நூறு பேர் கட்டும் பொதிகள் ஒரே வட்டில் சண்டையில்லாமல் வாழ்வதற்கு அதுவே காரணம்.

நான் எடுத்த வழி வேறு. உள்நுழைவுத் திரையில் தனி அமர்வு ஒன்றைச் சேர்த்தேன். அந்த அமர்வு தொடங்கும்போது, அமைப்புக் கோப்புகளைத் தேடும் பாதையில் என் பொதியின் அடைவை முதலில் நிறுத்துகிறது. பயனர் தன் வீட்டு அடைவில் எதையாவது மாற்றியிருந்தால் அது ஜெயிக்கும். இல்லையென்றால் என் பொதி, அதுவும் இல்லையென்றால் ஓப்பன்பாக்ஸின் மூலக் கோப்பு. பொதியை மேம்படுத்தினால் மாற்றம் உடனே எல்லோருக்கும் போய்விடும். ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஓப்பன்பாக்ஸ் முதன்மைக் கோப்பை முழுதாகத்தான் எடுக்கும், இரண்டைக் கலக்காது. பயனர் ஒரே ஒரு குறுக்குவிசையை மாற்ற நகலெடுத்தாலும் மீதியும் உறைந்துவிடும். அதனால் அடிக்கடி மாறுகிற பட்டியல்களைத் தனிக் கோப்பாகப் பிரித்தேன். தோற்றத்தை மாற்ற உதவும் ஓப்கான்ஃப் கருவி முழுக் கோப்பையும் வீட்டு அடைவில் எழுதிவிடுவதால், அதைப் பொதியின் சார்புப் பட்டியலில் வெறும் யோசனையாக மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

தமிழ் எழுத்துருவோ கட்டாயச் சார்பு. 2009-ல் வந்த லென்னி பதிப்பு முதல், பரிந்துரைக்கப்படும் பொதிகளையும் டெபியன் தானாகவே நிறுவுகிறது. ஆனால் இடம் மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் அணைப்பது அதைத்தான். அணைத்தவுடன் எழுத்துரு போய்விடும், திரையில் கட்டங்கள் நிற்கும். ஐபஸ் உள்ளீட்டு முறையும் அப்படியே கட்டாயம். 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகை, தட்டும் வரிசையைப் பார்த்துப் புள்ளியைத் தானே வைக்கும். எக்ஸ் சாளர அமைப்பின் அடிப்படை விசைப் பட்டியலுக்கு அந்தச் சூழலறிவு இல்லை. எம்17என் பொறி வேண்டும். முழுப் பணிமேடை இதையெல்லாம் சத்தமில்லாமல் தொடங்கிவைக்கும். வெறும் சாளர மேலாளர் வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் தானே எழுப்ப வேண்டும்.

பொதியில் கம்பைல் செய்ய எதுவும் இல்லை என்பதால் எந்த வகைச் செயலிக்கும் ஒரே கோப்பு போதும். ஆனாலும் தூய சூழலில் கட்டி, பொதிகளைச் சோதிக்கும் லின்டியன் கருவி சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்த பிறகுதான் வெளியே விடுவேன். மாற்றக் குறிப்பில் 'சில திருத்தங்கள்' என்று எழுதுவதே இல்லை. எழுத்துரு அளவை ஏன் கூட்டினேன், எலிக் கவனத்தை ஏன் மாற்றினேன் என்று காரணத்தோடு எழுதுகிறேன். நாளை இதை எடுத்துச் செய்யப்போகும் பிள்ளைக்கு என்னைக் கேட்க வழி இருக்காது.

ஓப்பன்பாக்ஸ் 3.6.1 வந்தது 2015-ல். டெபியன் அதையே சிறு ஒட்டுகளோடு காப்பாற்றி வருகிறது. உலகம் எக்ஸிலிருந்து வேலேண்டுக்கு நகர்கிறது. ராஸ்பெரி பையின் இயங்குதளம் 2024 அக்டோபரில் லேப்டபிள்யூசி என்ற வேலேண்டு சாளர மேலாளருக்கு மாறியது. லேப்டபிள்யூசி, ஓப்பன்பாக்ஸின் அமைப்பு முறையையும் தோற்றங்களையும் பெருமளவு அப்படியே படிக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் பிசிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. அதனால் தி.நகரில் பில் போடும் இரண்டு பழைய பெட்டிகள் டெபியன் 12-லேயே ஓப்பன்பாக்ஸோடு இருக்கும். மற்றவற்றுக்கு லேப்டபிள்யூசி அமர்வையும் அதே பொதியில் சேர்த்து, ஐபஸுக்குப் பதில் எஃப்சிடிக்ஸ் 5 உள்ளீட்டு முறையை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல் கோப்புகளைத் தனியாகப் பிரித்து வைத்திருந்ததால் அவற்றில் பெரிதாகக் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. தமிழ்99 எல்லா உலாவிகளிலும் ஒழுங்காக ஓடட்டும், அதன் பிறகு அடுத்த பதிப்பு.