நூறு கம்ப்யூட்டருக்கு ஒரே ஆணை

வத்திராயிருப்பில் வேலை என்றால் என்ன ஞாபகம் வரும்? நெல் வயல், தென்னந்தோப்பு, பிளவக்கல் அணைத் தண்ணீருக்குக் காத்திருக்கும் கண்மாய்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் ராஜபாளையத்து மில்கள். கம்ப்யூட்டர் வேலை வேண்டுமென்றால் மட்டும் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும். இதுதான் எல்லோருடைய எண்ணமும்.

ஆனால் கம்ப்யூட்டர் துறையிலேயே ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்பவர், தான் பராமரிக்கும் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. சென்னையில் குடியிருந்தாலும் பார்க்கப் போவதில்லை! விர்ச்சுவல் மெஷின்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் வேலைதான் அது.

அதென்ன விர்ச்சுவல் மெஷின்? ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நாலு குடித்தனம் வைப்பதில்லையா, அது மாதிரி. ஒரு பெரிய சர்வரை ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பல கம்ப்யூட்டர்களாகத் தடுத்துக் கொடுக்கும். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். ஒன்று படுத்துவிட்டால் பக்கத்துக் குடித்தனத்துக்குத் தெரியாது. (கூரையே விழுந்தால் எல்லோருக்கும் கஷ்டம்தான்.) ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1998-ல் தொடங்கிய வி.எம்.வேர் இதைச் சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்கும் கொண்டுவந்தது. 2006-லிருந்து அமேசான் மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. காமர்ஸ் பாஷையில் சொன்னால், மூலதனச் செலவு நடப்புச் செலவாக மாறியது.

வாடகை சல்லிசாக இருந்தால் என்ன ஆகும்? பத்து இருந்த இடத்தில் நூறு மெஷின் வரும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு மெஷினில் பாதுகாப்பு அப்டேட் போட 10 நிமிடம் என்றால், நூறுக்கு 1000 நிமிடம். கிட்டத்தட்ட 17 மணி நேரம். அறுபதாவது மெஷினில் கண் சொருகும், எழுபதாவதை விட்டுவிட்டோமா என்று சந்தேகம் வரும்.

இதற்காக வந்தவைதான் ஆட்டோமேஷன் கருவிகள். 2005-ல் பப்பெட், 2012-ல் ஆன்சிபிள், 2014-ல் டெராஃபார்ம். ஆன்சிபிளில் செய்ய வேண்டியதை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிளேபுக். எந்தெந்த மெஷின் என்று இன்னொரு பட்டியல். ஓட்டிவிட்டால், எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் போய் அதுவே வேலையை முடித்துவிடும். இதில் ஒரு நல்ல குணம் உண்டு. டேலியில் ஒரே வவுச்சரை இரண்டு தரம் பதிந்தால் கணக்கு உதைக்கும். ஒழுங்காக எழுதிய பிளேபுக்கை இரண்டு தரம் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. "ஏற்கெனவே சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடும்.

அப்படியானால் கவலையே இல்லையா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நூறு மெஷினுக்கு ஒரே ஆணை என்றால், ஒரே தப்பும் நூறு மெஷினுக்குப் போகும்.

2017 பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் படுத்துவிட்டது. பில் போடும் பகுதி மெதுவாக ஓடுகிறதே என்று ஓர் ஊழியர் அதற்கான சில சர்வர்களை மட்டும் நீக்க ஆணை கொடுத்தார். எழுதி வைத்த முறைப்படிதான் செய்தார். ஆனால் ஓர் உள்ளீடு தப்பு. சிலவற்றுக்குப் பதில் ஏராளமான சர்வர்கள் போய்விட்டன. சுமார் நாலு மணி நேரம் ஏகப்பட்ட இணையதளங்கள் முடங்கின. சேவையின் நிலவரத்தைச் சொல்லும் அமேசானின் சொந்தப் பக்கம்கூட எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதையும் சரியாக மாற்ற முடியவில்லை!

சரி, கையாலேயே செய்தால்? அதே வருடம் ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு கதை. இரவு நேரம். ஓர் இன்ஜினியர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தகவல் தொகுப்பை அழிக்க ஆணை கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் சுமார் 300 ஜி.பி. போய்விட்டது. பேக்கப் எடுக்க வைத்திருந்த ஏற்பாடுகளும் கை கொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று காப்பாற்றியது.

ஆக, கையா கருவியா என்பது அல்ல கேள்வி. ஆணை ஓடுவதற்கு முன்னால் இன்னொரு கண் அதைப் பார்த்ததா என்பதுதான். கணக்குப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய தொகைக்குக் காசோலை என்றால் இரண்டு கையெழுத்து கேட்பதில்லையா? இங்கேயும் அதேதான். பிளேபுக்கை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். நிஜமாக ஓட்டாமல், என்னென்ன மாறும் என்று மட்டும் பார்க்கும் வசதி ஆன்சிபிளிலும் டெராஃபார்மிலும் உண்டு. முதலில் ஒரு மெஷின், பிறகு பத்து, அப்புறம்தான் நூறு. அந்த விபத்துக்குப் பின் அமேசான் செய்ததும் இதுதான். சர்வர்களை மெதுவாகத்தான் நீக்க முடியும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவே முடியாது என்று கருவியையே மாற்றிவிட்டது.

இப்போது நம்ம பக்கம் வருவோம். வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் போனால் தென்காசி. அதன் அருகே மத்தளம்பாறை கிராமத்தில் 2011-ல் அலுவலகம் திறந்தது ஸோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் நிர்வாக மென்பொருள் செய்யத் தொடங்கிய நிறுவனம். சர்வர்களையும் விர்ச்சுவல் மெஷின்களையும் கண்காணிக்கும் அதன் மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் இன்று உலகமெங்கும் விற்கின்றன. அதே மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம்தான்!

அப்படியானால் நம் ஊருக்கு என்ன குறை? தூரம் அல்ல. கரண்ட் போனால் யு.பி.எஸ்., ஒரு இணைய இணைப்பு போனால் இன்னொன்று என்று சமாளிக்கலாம். முகம் பார்க்காத ஒருவர் கையில் நூறு மெஷினின் சாவியைக் கொடுக்க ஒரு நிறுவனத்துக்கு மனசு வர வேண்டும். அதற்கு "நல்ல பையன்" சர்டிபிகேட் போதாது. யார், எப்போது, எதை மாற்றினார், யார் ஒப்புக்கொண்டார் என்பது வரிக்கு வரி பதிவாகி இருக்க வேண்டும். பேரேடு மாதிரி. ஆன்சிபிளை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டும் பழக்கத்துக்குத்தான் நாளாகும். ஊரை விட்டுப் போகாமல் இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் பழக வேண்டியது அதைத்தான்.