புதிய ஐபேட் மினி: வீட்டுக்கா, பிள்ளைக்கா?



வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும் காலம் நெருங்கினால், மத்ரஸா ஆசிரியர்களாகிய நம்மை நோக்கி ஒரு கேள்வி வருவது வழக்கமாகிவிட்டது. "பிள்ளைக்கு இந்தக் கருவியை வாங்கி வரலாமா, ஹஸ்ரத்?" என்பதே அது. கேட்பவர் எதிர்பார்ப்பது 'ஆம்' அல்லது 'வேண்டாம்' என்னும் ஒற்றைச் சொல். ஆயினும் கருவி எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது, அது யார் கையில், எந்த நேரத்தில் இருக்கப்போகிறது என்பவற்றை அறியாமல் விடை கூறுவது முறையன்று.

அண்மைக் காலமாக அதிகம் கேட்கப்படுவது ஐபேட் மினியின் புதிய பதிப்பைப் பற்றித்தான். 2024 அக்டோபர் 15 அன்று அறிவிக்கப்பட்டு, அம்மாதம் 23 முதல் விற்பனைக்கு வந்த கருவி இது. நம் நாட்டில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை ₹49,900. நம்மைப் போன்ற ஆசிரியர் ஒருவரின் சில மாத ஊதியம் அது. நம்மிடம் ஹிஃப்ழு ஓதும் மாணவர் ஒருவரின் வீட்டார் இதனை வாங்கி, "பிள்ளையின் ஓதலுக்கு உதவுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என நம் வசம் பத்து நாள்கள் ஒப்படைத்திருந்தனர். அந்நாள்களில் கண்டவற்றையும், கருவியின் அமைப்பைப் பற்றி அறிந்தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

முதலில் உருவம். திரையின் மூலைவிட்ட அளவு 8.3 அங்குலம், எடை 293 கிராம். ஒரு கையில் ஏந்தி நெடுநேரம் வாசிக்க இயலும். நிமிர்த்திப் பிடித்தால் திரையின் நீள அகலம் ஒரு நூலின் பக்கத்தை ஒத்திருக்கிறது. கைப்பேசியில் 15 வரி முஸ்ஹஃபின் பக்கத்தைத் திறந்தால் ஷத்தும் மத்தும் நுண்புள்ளிகளாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். இங்கு அவ்விரு தொல்லையும் இல்லை. நாற்பதைக் கடந்த நம் கண்களுக்கு இது பெரிய வசதி என்பதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது ஒலி. எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் முழுக் குர்ஆன் ஓதல் 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. அன்று அத்தகைய ஓதலைக் கேட்க வானொலியின் நேரத்துக்கோ இசைத்தட்டுக்கோ காத்திருக்க வேண்டும். இன்று அவ்வோதல் சிற்றூர்ப் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓர் ஆயத்தைப் பத்து முறை, இருபது முறை சலிப்பின்றித் திரும்ப ஒலிக்கச் செய்யும் செயலிகளும் உள்ளன. உச்சரிப்பைச் செவியில் பதிய வைப்பதற்கு இது நல்ல துணை.

இதற்கு எவ்வளவு சேமிப்பிடம் தேவை என்று கணக்கிட்டுப் பார்த்தோம். நிதானமான முழு ஓதல் ஒன்று ஏறத்தாழ 30 மணி நேரம். நல்ல ஒலித்தரத்தில் சேமித்தாலும் இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடும். கருவியின் மிகக் குறைந்த சேமிப்பிடமே 128 ஜிபி. நினைவக அட்டை செருகும் வசதி இல்லையே என்றெண்ணி, மேலும் ₹10,000 கொடுத்து 256 ஜிபி வாங்க வேண்டிய தேவை ஓதலுக்கு இல்லை.

வீட்டில் கிடக்கும் பழைய கம்பி ஹெட்ஃபோனைச் செருக இக்கருவியில் துளை இல்லை. யூஎஸ்பி-சி இணைப்பானோ புளூடூத் ஹெட்ஃபோனோ தனியே வாங்க வேண்டும். சிறுவர்கள் ஹெட்ஃபோனில் கேட்பதற்குப் பாதுகாப்பான அளவாக உலக சுகாதார நிறுவனம் கூறுவது வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல். கருவியின் அமைப்புகளில் ஹெட்ஃபோனின் உச்ச ஒலியை அந்த அளவிலேயே நிறுத்தி வைக்க முடியும். வாங்கிய அன்றே அதைச் செய்துவிடுவது நலம்.

மூன்றாவது, எந்த வகையை வாங்குவது என்பது. வைஃபை மட்டும் உள்ள வகை, கைப்பேசி வலையமைப்பும் உள்ள வகை என இரண்டு உண்டு. பின்னதன் தொடக்க விலை ₹64,900. சிம் அட்டை செருகும் இடமில்லை, இசிம் மட்டுமே ஏற்கும். வசதி மிகுந்தது மேலானது என்று எண்ணத் தோன்றும். நம் வீடுகளுக்கோ விலை குறைந்ததே பொருத்தம். வைஃபை வகைக்கு இணையம் பெரும்பாலும் உம்மாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்துதான் வரும். உம்மா அதை நிறுத்திவிட்டால் இணையமும் நின்றுவிடும். ₹15,000 மிச்சமாவதோடு எளியதொரு பூட்டும் கிடைக்கிறது. வைஃபை வகையில் ஜிபிஎஸ் இல்லை. ஆனால் திசைகாட்டி உண்டு. கிப்லாவை அறியவும், ஊரின் பெயரைக் குறித்துத் தொழுகை நேரம் பார்க்கவும் அதுவே போதும்.

நான்காவது கேமரா. முன்புறக் கேமரா அகன்ற பார்வை கொண்டது; அமர்ந்திருப்போர் அசைந்தாலும் அவர்களைச் சட்டகத்துக்குள் வைத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் ரியாத்திலோ தோஹாவிலோ இருந்து அழைக்கும் வாப்பா, கைப்பேசியைக் கைமாற்றிக் கைமாற்றி ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டியதில்லை. உம்மா, பிள்ளைகள், முதியவரான பாட்டியார் அனைவரையும் ஒருசேரக் காணலாம். கேமரா குறுகிய பக்கத்தில் இருப்பதால், கருவியைப் படுக்கைவாட்டில் வைத்தால் பேசுவோர் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் தோன்றும்; அது சிறு குறை. ஆண்டில் பதினொரு மாதம் தந்தையைத் திரையில் மட்டுமே காணும் வீடுகளுக்கு இவ்வசதியின் மதிப்பை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

இனி நாம் முதன்மையாகக் கருதுவதற்கு வருகிறோம். இக்கருவி ஒரு தனி மனிதருக்காக வடிவமைக்கப்பட்டது. மேற்பொத்தானில் உள்ள விரல்ரேகைப் பூட்டில் ஐந்து விரல்ரேகைகளைப் பதிவு செய்யலாம். வீட்டில் ஐவர் என்றால் ஆளுக்கொரு விரல் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எந்த விரல் தொட்டாலும் திறப்பது ஒரே கதவுதான். உம்மாவின் செய்திகள், அக்காவின் பாடக்குறிப்புகள், தம்பியின் விளையாட்டு, குடும்பப் புகைப்படங்கள் யாவும் அக்கதவுக்குப் பின் ஒரே அறையில் கிடக்கும். பள்ளிகளும் நிறுவனங்களும் நிர்வகிக்கும் ஐபேட்களில் ஆளுக்கொரு கணக்கு வைக்கும் ஏற்பாடு உண்டு. வீட்டுக்கு வாங்கும் கருவியில் அது இல்லை.

நம் வீடுகளிலோ பொருள்கள் பொதுவானவை. ஒரே ஸஹனில் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் கொண்டவர்கள் நாம். ஒருவருக்கென அமைக்கப்பட்ட கருவி அத்தகைய வீட்டுக்குள் வந்தால் இரண்டில் ஒன்று நிகழும். ஒன்று, அனைவரின் அந்தரங்கமும் அனைவருக்கும் திறந்துவிடும். அல்லது, ஒருவர் அதனைத் தமதாக்கிக் கொள்வார். அவ்வாறு தமதாக்கிக் கொள்பவர் பெரும்பாலும் அந்த வீட்டின் பதின்ம வயதுப் பிள்ளை. கருவி மெல்ல மெல்லக் கூடத்திலிருந்து அறைக்கும், அறையிலிருந்து போர்வைக்குள்ளும் நகர்ந்துவிடும். கண்ணுக்கு மிக அருகில் பிடித்தால் எச்சரிக்கும் வசதி, முகமறியும் கேமரா கொண்ட ஐபேட்களில் உண்டு. விரல்ரேகைப் பூட்டு மட்டுமே உள்ள இதில் அது இல்லை. போர்வைக்குள் பார்க்கும் பிள்ளையைத் தடுக்கக் கருவிக்கு வழியில்லை. வீட்டார்தான் தடுக்க வேண்டும்.

ஹிஃப்ழுக்கு இது உதவுமா என்ற வினாவுக்கு வருவோம். அப்பத்து நாள்களில் ஐந்து ஸபக்குகளை மாணவர் கருவியில் பார்த்து மனனம் செய்தார். ஐந்தை வழக்கம்போல் முஸ்ஹஃபில் பார்த்து மனனம் செய்தார். சொற்களில் வேறுபாடு தெரியவில்லை. உச்சரிப்பு கருவியில் கேட்ட பாடங்களில் சற்றுத் தெளிவாகவே இருந்தது. ஆனால் இடையில் நிறுத்தி, "இந்த ஆயத் எந்தப் பக்கத்தில், மேலேயா கீழேயா?" என்று வினவியபோது, முஸ்ஹஃபில் படித்ததற்கு உடனே விடை கூறியவர், கருவியில் படித்ததற்குத் தயங்கினார். அவர் பயன்படுத்திய செயலி ஆயத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக உருட்டிக் காட்டுவது. அதில் பக்கமும் இல்லை, மேலும் கீழும் இல்லை. ஒரு மாணவரிடம் கண்ட இது ஆய்வு முடிவாகாது. ஆயினும் ஓதிக் கொடுக்கும் எவருக்கும் இதன் காரணம் புரியும். ஹாஃபிழ் ஆகும் பிள்ளையின் நெஞ்சில் சொல்லோடு இடமும் பதிகிறது. ஒரே முஸ்ஹஃபில், ஒரே மூலையில், அதே வரியில் அந்தச் சொல் பல்லாண்டு காத்திருக்கிறது. தொழவைக்க நின்று தடுமாறும் வேளையில் கண்முன் வந்து கைகொடுப்பது அந்த இடந்தான். ஆகவே புதுப்பாடத்துக்கு முஸ்ஹஃப். கேட்டுச் சரிபார்க்க மட்டும் கருவி. முஸ்ஹஃபின் பக்கத்தை அப்படியே காட்டும் செயலியாயினும், பயணத்தில் பழைய பாடம் பார்க்க அதைப் பயன்படுத்தலாமேயன்றி, கையில் உள்ள முஸ்ஹஃபுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

அவ்வீட்டாருக்கு நாம் கூறிய கருத்தின் சுருக்கம் இது. ஹிஃப்ழு ஓதும் பிள்ளைக்கென இதனை வாங்கத் தேவையில்லை. குடும்பத்துக்கென வாங்கினால் பயன் உண்டு. அதற்கு நான்கு ஏற்பாடுகள் வேண்டும். கருவிக்குக் கூடத்தில் ஓர் இடம் குறிக்கப்பட வேண்டும். இஷாவுக்குப் பின் அங்கிருந்து அது நகரக் கூடாது. கடவுச்சொல்லும் பயன்பாட்டு நேர வரம்பின் சாவியும் உம்மாவிடமே இருக்க வேண்டும். உம்மாவின் தனிச் செய்திகளும் படங்களும் அவருடைய கைப்பேசியிலேயே இருக்கட்டும். பிள்ளை ஓதல் கேட்கும்போது, மேற்பொத்தானை மும்முறை அழுத்தி ஒரே செயலிக்குள் பூட்டும் வசதியை இயக்கிவிட வேண்டும். இதனை முன்கூட்டியே அமைப்புகளில் செயல்படுத்தி வைத்தல் அவசியம்.

இவை யாவற்றையும்விட முந்தியது ஒன்று உண்டு. பெட்டியைப் பிரிக்கும்போது தந்தையின் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. "இது உனக்கு" என்று மகனிடம் கொடுத்துவிட்டால், பின்னர் உம்மா விதிக்கும் ஒவ்வொரு வரம்பும் அவனுடைய உடைமையைப் பறிப்பதாகவே அவனுக்குத் தோன்றும். வாப்பா விமானம் ஏறிய பிறகு அந்த வழக்கை நாள்தோறும் தனியாக நடத்த வேண்டியவர் உம்மா. "இது நம் வீட்டுக்கு, பொறுப்பு உம்மாவிடம்" என்று அனைவர் முன்னிலையிலும் சொல்லிக் கொடுத்தால், அதே கருவி அதே விலையில் வேறொன்றாகிவிடும். நிறுவனம் ஒருவருக்கென வடிவமைத்ததைக் குடும்பத்துக்கென மாற்றியமைக்கும் ஆற்றல் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு.

நம் இல்லங்களுக்குள் நாம் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் நலம் தருவதாக வல்ல இறைவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.