புதுப்பேட்டைத் தெருக்களிலே

சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தில் இறங்கிக் கூவத்தின் பக்கமாக நடந்தால் புதுப்பேட்டை வந்துவிடும். மருத்துவத்திற்கும் கல்யாண ஜவுளிக்கும் சென்னை வரும் நம்மவர்கள் இத்தெருக்களை எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டு வாசலில் பதினைந்து, இருபது வயதான கார் நிற்குமானால், ஒருமுறையேனும் இங்கு வந்து செல்லுங்கள்.

தரையெங்கும் எண்ணெய்க் கறுப்பு. கழற்றிய கதவுகள் ஒருபுறம் அடுக்கியிருக்கும். கியர் பெட்டிகள் மறுபுறம் குவிந்திருக்கும். 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடருக்கும் இங்கே உதிரிபாகம் தேடி வருவோர் உண்டு. கடைக்காரர் சொல்லும் முதல் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். அது பேச்சின் தொடக்கமே.

கதவு, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை. பிரேக் ஷூ, பிரேக் குழாய், டயர் ஆகியவற்றை மட்டும் எவ்வளவு மலிவாயினும் பழையதாக வாங்காதீர்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்குத் துருவே பெரும் பகை. மேலே பளபளக்கும் வண்டியின் அடித்தளம் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருக்கும். காரைக் கழுவும்போது அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். உட்குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் என்ஜினே சூடேறிக் கெடும்.

அரசுச் செலவும் ஏறிவிட்டது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு 2025-இல் அது 10,000 ஆக்கப்பட்டது.

வட்டிக்குக் கடன்பட்டுப் புதுக்கார் எடுப்பதினும் இருப்பதைப் பேணுவதே மேல் என்று கருதும் குடும்பங்கள் நம்மிடையே பல. மதிக்கத்தக்க எண்ணமே அது. ஆயினும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் பிரேக்கில் சிக்கனம் பார்ப்பதற்கு அது சாக்காகாது.

விற்பதாயினும் குறைகளைச் சொல்லியே விற்க வேண்டும். தானியக் குவியலின் அடியிலிருந்த ஈரத்தை மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் சிறுவயதிலேயே கேட்டவர்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும் அத்தகையதே.

இனி ஓடவே ஓடாது என்ற நிலை வந்தால், எடைக்குப் போட்டுவிட அவசரப்படாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் பெறுங்கள். 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவித்துப் பதிவையும் நீக்கிக்கொள்ளுங்கள். இல்லையேல், நாளை உங்கள் எண்ணைப் பூட்டிக்கொண்டு எவரேனும் குற்றம் புரிந்தால், காவலர்கள் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவையே.