வத்தல் கடைக்கு ஒரு வெப்சைட்

பாளையங்கோட்டையில் என் மதினி வத்தல் போட்டு விற்கிறார். சுண்டவத்தல், மோர்மிளகாய், கூழ்வத்தல், காய் கிடைக்கும் காலத்தில் மிதுக்கவத்தல். வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்பில். சென்னை, பெங்களூரு வாடிக்கை கூடியதும், “வெப்சைட் இருக்கான்னு கேக்காங்க தம்பி, நமக்குத் தோதா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க” என்றார். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. தளம் கட்டித் தரும் சேவைகளில் நாலைந்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

‘எளிது’ என்று அத்தனை பேரும் விளம்பரம் செய்வதில் பொய் இல்லை. விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், நம்மூர் ஜோஹோ சைட்ஸ் எதிலும் ஒரு வரி கோடிங் எழுதாமல் பக்கம் அமைத்துவிடலாம். இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. கடைப் பெயரையும் தொழிலையும் சொன்னால் பக்கம் முழுவதையும் அதுவே நிரப்பிவிடுகிறது. எங்களுக்கு எழுதித் தந்ததில் பாரம்பரியமும் தரமும் வரிக்கு வரி இருந்தன, சுண்டைக்காயைத்தான் காணோம்.

டெம்ப்ளேட்டின் அழகில் பாதி அதிலிருக்கும் படங்களுக்குச் சொந்தம். மாதிரிப் பக்கத்தில் மரப்பலகைமேல் ரொட்டி, ஜன்னல் வெளிச்சம். அதை எடுத்துவிட்டு மொட்டைமாடியில் போனில் பிடித்த மோர்மிளகாயை வைத்ததும் பக்கமே களையிழந்துவிட்டது. நம்முடைய சுமாரான படங்களைப் போட்டுப் பார்த்த பிறகே டெம்ப்ளேட்டை முடிவு செய்ய வேண்டும். விக்ஸின் வழக்கமான எடிட்டரில் இது இன்னும் முக்கியம்; ஒரு டெம்ப்ளேட்டில் கட்டிய தளத்தை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது, முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். வேர்ட்பிரஸில் தீம் மாற்றினால் ஒழுங்கு கொஞ்சம் குலையும், எழுதியதும் படமும் அப்படியே இருக்கும்.

அடுத்தது தமிழ். டெம்ப்ளேட் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே எழுத்துரு தேர்கிறார்கள். அதில் தமிழ் இல்லையென்றால் பிரவுசர் தன் கைவசம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்தைப் போட்டு ஒப்பேற்றும். வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும். ‘கூடையில் சேர்க்கவும்’ என்பது பட்டனுக்கு வெளியே வழியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் தேர்வு செய்ய விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பக்க முகவரியை மட்டும் தமிழில் வைக்காமல் இருப்பது நல்லது. நகலெடுத்து ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளாக மாறிவிடும். ‘சுண்டவத்தல்’ என்ற ஒரு சொல்லே 99 குறிகளுக்கு நீளும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு லிங்க் வந்தால் நானே தொடமாட்டேன்.

இதெல்லாம் தளம் கட்டுகிற அன்றைக்கு உள்ள கவலை. மதினிக்குத் தினமும் வேண்டியது வேறு. மிளகாய் விலை ஏறினால் அவர் விலையும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வத்தல் காயாது. கையிருப்பு தீர்ந்ததும் கடையே இல்லை. அதனால் போனை அவர் கையில் கொடுத்து, கூழ்வத்தல் விலையை ஏற்றி, மோர்மிளகாயை ‘இருப்பு இல்லை’ என்று மாற்றச் சொன்னேன். ஒரு சேவையில் மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. “இதுக்கு ஸ்டேட்டஸ்லயே போட்டுருவனே” என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார். இன்னொன்றில் சரக்கின் பெயருக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் தட்டிவிட்டார். சலுகை, அனிமேஷன், நூற்றுக்கணக்கான டெம்ப்ளேட் எதுவும் இதற்கு ஈடில்லை என்பது என் கட்சி.

பணம் வாங்கும் வழியையும் முன்பே பார்த்துவிட வேண்டும். பேபால் 2021 ஏப்ரலிலிருந்தே இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை நிறுத்திவிட்டது. யுபிஐ இல்லாத தளத்தை வைத்துக்கொண்டு இங்கே வத்தல் விற்க முடியாது. தின்பண்டம் விற்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணைப் போடவும் இடம் வேண்டும்.

நான் அதிக நேரம் செலவிட்டது வேறொரு கேள்வியில்: பிடிக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா? 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானவர்கள் பக்கம் கட்டினார்கள். யாகூ அதை 1999இல் வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. வணிகர்களுக்குக் கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த தளங்கள் 2024 மார்ச்சில் அணைந்தன. கம்பெனி மூடாவிட்டாலும் சிக்கல் உண்டு. விக்ஸ் தளத்தை அப்படியே எடுத்து வேறிடத்தில் நிறுத்த வழியில்லை. ஸ்கொயர்ஸ்பேஸ் ஒரு பகுதியை வேர்ட்பிரஸுக்கு ஏற்ற கோப்பாகத் தருகிறது. வேர்ட்பிரஸ் எழுதியதை முழுசாகவே தரும், ஆனால் அதைச் சொந்தமாக நிறுவினால் அப்டேட், பேக்கப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மதினி வீட்டில் அந்த ஆள் நான்தான் என்று ஆகிவிடும்.

அதனால் ஒரு நடுவழி பிடித்தோம். சுவிட்ச் பக்கத்திலேயே இருந்த அந்தச் சேவையையே எடுத்தோம். டொமைனை மட்டும் அவர்களிடம் வாங்காமல், தனியாக மதினி பெயரிலும் அவர் ஈமெயிலிலும் பதிந்தோம். முதல் வருடம் டொமைன் இலவசம் என்று ஆசை காட்டினார்கள். புதுப்பிக்கும் விலை கீழே சின்ன எழுத்தில் இருந்தது. டாட் காம் பெயரைப் பதிந்து 60 நாள் ஆகும்வரை பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பதும் மனத்தில் இருக்க வேண்டும். சரக்குப் பட்டியலுக்கும் படங்களுக்கும் மதினியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கிறது.

எடைக்குத் தக்க கூரியர் கட்டணத்தைத் தானாகக் கணக்கிடும் வசதி நாங்கள் எடுத்ததற்கு மேலுள்ள திட்டத்தில்தான் வருகிறது. அதையும் வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். மாசக் கட்டணத்தைக் கேட்டதும், “அத நான் தராசுல வச்சுப் பாத்துச் சொல்லிக்கிடுதேன்” என்று மதினி முடித்துவிட்டார்.