விரியும் தண்ணீருக்கு ஒரு வழி: சிலிண்டர் குறிப்புகள்

லண்டனில் பல வீடுகளில் சுடுதண்ணீர் ஏற்பாடு இப்படித்தான்: கீழே குசினியில் பொயிலர், மேல் மாடியில் அலுமாரிக்குள் ஒரு சிலிண்டர். நெருப்புக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் நேரடித் தொடர்பில்லை. பொயிலர் சூடாக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் உள்ள சுருள்குழாயில் ஓடி, சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும். ரேடியேட்டர்களில் ஓடுவதும் அதே தண்ணீர்தான். துருப்பிடிக்காமலிருக்க மருந்து கலந்தது. பைப்பைத் திறந்தால் வருவது வேறு தண்ணீர். இரண்டும் கலக்கவே கூடாது.

*

200 லிட்டர் தண்ணீரை 10 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் மூன்று லிட்டருக்குமேல் பெருகும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அந்த மூன்று லிட்டர் எங்கே போகும்? சிலிண்டர் பொருத்தும்போது செய்கிற பாதிக்குமேற்பட்ட வேலை இந்தக் கேள்விக்கான பதில்தான்.

*

பழைய பதில்: லொஃப்டில் ஒரு தொட்டி. சிலிண்டரின் உச்சியிலிருந்து ஒரு குழாய் மேலே போய், அந்தத் தொட்டியின் வாயில் வளைந்து நிற்கும். பெருகியது தொட்டிக்கே திரும்பும். அந்தக் குழாயில் எந்த இடத்திலும் வால்வு வைக்கக் கூடாது. பிரிட்டனில் 1980களின் நடுப்பகுதி வரை வேறு வழிக்கு அனுமதியில்லை.

குறை ஒன்றுதான்: ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வரும். அதனால் தொட்டியைக் கழற்றிவிட்டு, தெருக்குழாயின் அழுத்தத்தை நேரே பழைய செப்புச் சிலிண்டருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. அது சில மீட்டர் உயரத்துத் தண்ணீரின் பாரத்தைத் தாங்கச் செய்த சிலிண்டர். தெருவிலிருந்து வருவது 3 பார், சில இடங்களில் அதற்கும் மேல். செப்பு உப்பிக் கிழியும்.

*

தொட்டி இருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2006இல் சாமர்செட்டின் டோண்டன் நகரில், ஒரு வீட்டுச் சிலிண்டரின் மின்சூடாக்கியில் தெர்மோஸ்டாட் பழுதானது. கொதிநீர் லொஃப்ட் தொட்டிக்கு ஏறி, பிளாஸ்டிக் இளகி, தொட்டி உடைந்து, கீழே அறையில் தூங்கிய குழந்தை இறந்தது. பழைய சிலிண்டர் உள்ள வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதையே: மின்சூடாக்கியின் தெர்மோஸ்டாட்டில் இரண்டாவது பாதுகாப்புத் துண்டிப்பு இருக்கிறதா, தொட்டியின் அடி முழுவதும் பலகையில் உட்கார்ந்திருக்கிறதா.

*

புதிய பதில்: தொட்டி இல்லாத, தெரு அழுத்தத்திலேயே இயங்கும் மூடிய சிலிண்டர். பெருகும் தண்ணீருக்கு, ரப்பர்த் திரைக்குப் பின்னால் காற்று அடைத்த ஒரு விரிவுக்கலம். அழுத்தத்தைக் குறைத்து உள்ளே விட ஒரு வால்வு. சூட்டுக்கு மூன்று வேலிகள்:

தெர்மோஸ்டாட் 60 பாகையில் நிறுத்தும்.
அது தவறினால், 80 பாகையைத் தாண்டும்போது ஒரு கட்-அவுட் துண்டிக்கும். கையால் அழுத்தினால் ஒழிய மீண்டும் போடாது.
அதுவும் தவறினால், 90 முதல் 95 பாகைக்குள் ரிலீஃப் வால்வு திறந்து கொட்டிவிடும்.

மூன்றும் 100 பாகைக்குள் முடிந்துவிட வேண்டும். அழுத்தத்தில் 100ஐத் தாண்டிய தண்ணீரில் ஒரு பகுதி, சிலிண்டர் கிழிந்த கணத்தில் ஆவியாகும். ஆவி தண்ணீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வீடு தாங்காது.

*

வயரிங்கில் விட்டுப்போகிற இடம்: அந்தக் கட்-அவுட். மின்சூடாக்கிக்கு அது மின்சாரத்தைத் துண்டித்தால் போதும். பொயிலரால் சூடாகும் சிலிண்டரில், சுருளுக்குப் போகும் மோட்டார் வால்வையும் அது மூட வேண்டும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ளும் வகையாக அந்த வால்வு இருக்க வேண்டும். விறகடுப்பை இந்தச் சுருளில் நேரே இணைக்கக் கூடாததும் இதனால்தான். விறகுக்கு சுவிட்ச் இல்லை.

*

வெளியேற்றுக் குழாய். ரிலீஃப் வால்விலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் டன்டிஷ் என்கிற திறந்த புனல். புனலுக்குக் கீழே குறைந்தது 300 மில்லிமீட்டர் நேராக இறங்கிய பிறகே வளைவு. புனலுக்கு மேலே 15 மில்லிமீட்டர்க் குழாய் என்றால் கீழே 22. 22இல் 9 மீட்டர்வரை போகலாம். ஒவ்வொரு முழங்கை வளைவுக்கும் 0.8 மீட்டர் கழித்துக்கொள்ள வேண்டும். முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பிள்ளைகள் விளையாடுகிற இடமாக இருக்கக் கூடாது.

*

அந்தப் புனலைப் பற்றித்தான் எல்லோரும் முறைப்பாடு சொல்வார்கள்.

"தம்பி, உந்தப் புனலிலை தண்ணி சொட்டிக்கொண்டே கிடக்குது. ஒரு மூடியைப் போட்டு அடைச்சு விடுங்கோவன்."

"அன்ரி, உதை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ. ஏன் சொட்டுதெண்டு முதல் பாப்பம்."

சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால், பெரும்பாலும் விரிவுக்கலத்தில் காற்று இறங்கியிருக்கும். தண்ணீரை அடைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு, சைக்கிள் பம்பாலேயே ஏற்றலாம். காற்று வாயை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் ரப்பர்த் திரை கிழிந்துவிட்டது. கலத்தை மாற்ற வேண்டும். பகல் இரவு பாராமல் பச்சைத் தண்ணீர் சொட்டினால், அழுத்தம் குறைக்கும் வால்வைச் சந்தேகிக்கலாம்.

*

"60 பாகை எதற்கு? 45 போதாதா? காசு மிச்சம்." 20க்கும் 45க்கும் இடையில்தான் லெஜியனெல்லா கிருமி பெருகும். சேமிப்பது 60ஆகவே இருக்கட்டும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைக்கு இன்னும் விரைவாக. ஆகவே குளியல்தொட்டிக்கு முன் ஒரு கலப்பு வால்வு. இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீடுகளில் குளியல்தொட்டிக்கு வரும் தண்ணீர் 48 பாகையைத் தாண்டக் கூடாது என்பது விதி.

*

அலுமாரி: 200 லிட்டர்ச் சிலிண்டர் நிரம்பினால் ஏறத்தாழ கால் தொன். பலகையை நம்பாமல், கீழே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். குளிர்காலத்தில் தோசை மா புளிக்க அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை, மாச்சட்டி இருக்கட்டும். அரிசி மூட்டையும் பெட்டிகளும் வால்வுகளை மறைக்காமலிருந்தால் சரி.

*

தெரிந்த பெடியனைக் கொண்டு செய்விக்கிற வேலையில்லை. இங்கிலாந்தில் கட்டட விதி ஜி3இன் கீழ் மூடிய சிலிண்டர் பொருத்தத் தகுதிச் சான்று வேண்டும். பொயிலரின் கேஸ் பக்கத்தைத் தொட கேஸ் சேஃப் பதிவு வேண்டும். வேலை முடிந்ததும் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவித்து, சான்றிதழ் கைக்கு வர வேண்டும். வீடு விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார்.

*

வீட்டுக்காரர் அலுமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்ட வேண்டியது: புனலில் கொதிநீர் கொட்டினால் பொயிலரையும் மின்சூடாக்கியையும் நிறுத்துங்கள். பச்சைத் தண்ணீரை அடைக்காதீர்கள். பதற்றத்தில் கை முதலில் போவது தண்ணீர் வால்வுக்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் சிலிண்டரைக் குளிர்விப்பது உள்ளே வருகிற அந்தத் தண்ணீர் மட்டுமே. பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். காரணம் பிடிபடும்வரை எதையும் திரும்பப் போட வேண்டாம்.