காடு இல்லாத பூ

செம்பருத்திக்குச் சொந்தக் காடு கிடையாது. உலகம் முழுக்க வேலியிலும் முற்றத்திலும் நிற்கிற இந்தச் செடியைத் தானாக முளைத்த நிலையில் எந்தக் காட்டிலும் கண்டவர் இல்லை.

இதன் பிறப்பிடத்தைத் தேட என்னை இறக்கியது மாத்தளையின் ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்ட லயத்து வாசலில் ஆளுயரம் நின்ற ஒற்றையடுக்குச் சிவப்பு வேலி. யார் நட்டது என்று கேட்டேன். "எங்க அப்பாயி காலத்துலயே இருந்துச்சு தம்பி. கொப்ப ஒடிச்சு ஊனுனா வந்துரும். விதையை நான் கண்டதே இல்ல" என்றார் வீட்டுக்காரப் பாட்டி.

விதை அரிது என்றால், மனிதர் கைமாற்றிக் கொடுத்த கொப்புகளால்தான் இது ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குச் சீன ரோஜா என்று பொருள்படப் பெயரிட்டார். ஆனால் இதனோடு கலக்கக்கூடிய காட்டு உறவுகள் கிழக்கு ஆப்பிரிக்கா, மொரிஷியஸ், பிஜி, ஹவாய் என்று கடலோரங்களிலும் தீவுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பசிபிக் தீவு இனங்களின் கலப்பில் பிறந்தது என்றே அண்மைக்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நம் பக்கமும் இது புதிதல்ல. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' என்ற தாவர நூல் மலபார்க் கரையின் செம்பருத்தியைப் படத்தோடு பதிந்திருக்கிறது. அதாவது, கோப்பித் தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் வந்திறங்கி மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்து வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே.

பாட்டி தந்த கொப்பை நட்டேன். பென்சில் தடிமனில் அரையடி நீளம், கணுவுக்குக் கீழே சாய்வெட்டு, நுனியில் இரண்டு இலை, நிழல். நீர் தேங்கினால் மொட்டு உதிரும். மழைக்கால மாத்தளையில் வடிகால்தான் முக்கியம். பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால் கவாத்துக்குத் தயங்கக் கூடாது. மாவுப்பூச்சி பிடித்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

பூவை உண்ணவும் செய்யலாம். காலையில் விரிந்த பூவைப் பறித்து, பச்சைப் புல்லியையும் நடுத்தண்டையும் நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுக்க வேண்டும். வாயில் போட்டால் லேசான கொழகொழப்பு. கொதிநீரில் போட்டால் நீர் கருஊதாவாகும். தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விட்டதும் பளீரென்று சிவக்கும். அந்த நிற மாற்றத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு சம்பலும் போடலாம். கர்ப்பிணிகள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் அலங்கார நாற்றுகளில் செடியின் சாற்றிலேயே ஊறி நிற்கும் பூச்சிமருந்து இருக்கலாம். அவற்றின் பூவை உண்ணாதீர்கள். உண்பதற்கென்றால், மருந்தடிக்காத பழைய வேலி வைத்திருப்பவரிடம் ஒரு கொப்பு கேளுங்கள்.