புதுமண்டபத்துத் தையல் மிஷின்கள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கீழக்கோபுரத்து வெயிலிலிருந்து தெருவைக் கடந்து புதுமண்டபத்துக்குள் காலை வைத்தால், கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் காது நிறைந்துவிடும். வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள். ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவர் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் இன்னொருவர் பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். நாயக்க மன்னர் ஒருவர் கைகூப்பி நிற்கும் சிலையின் காலடியில் வெட்டிய துணிகள் மடித்து அடுக்கியிருக்கும். "வாங்கண்ணே, சாயங்காலத்துக்குள்ள தச்சுத் தர்றோம்" என்ற குரல் நாலு திசையிலிருந்தும் வரும். புதுத்துணியின் கஞ்சி வாசமும், மிஷினுக்கு விடும் எண்ணெய் வாசமும், பக்கத்துக் கடையின் தாழம்பூக் குங்கும வாசமும் கலந்து அந்தக் கல்லின் குளிர்ச்சியில் தங்கியிருக்கும்.

இப்போது அங்கே அந்தச் சத்தம் இல்லை. கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்திலேயே இருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

நான் இந்த ஊரில் வழிகாட்டியாக இருக்கிறேன். வெளிநாட்டவர்களுக்கும், வடக்கேயிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் இறங்குகிறவர்களுக்கும், கல்யாணம் முடிந்த கையோடு அம்மனைக் கும்பிட வரும் புதுத் தம்பதிகளுக்கும் ஊரைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. புதுமண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவை எனக்கு மனப்பாடம். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது. 124 தூண்கள். 300 அடிக்கு மேல் நீளம். நடுவில் சுவாமியும் அம்மனும் எழுந்தருளும் வசந்த மண்டபம். விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை அரசர்கள் தூண்களில் நிற்கிறார்கள். தடாதகைப் பிராட்டி இருக்கிறாள்; மீனாட்சி கல்யாணம் இருக்கிறது; கல் யானைக்குக் கரும்பு கொடுத்த திருவிளையாடல் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் நான் அந்த மண்டபத்தைப் பற்றி எதுவுமே சொல்லாதது போல மனசுக்குப் படும். நான் பார்த்து வளர்ந்த புதுமண்டபம் அந்த மிதிபலகைகளின் மண்டபம்.

புத்தகக் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பஞ்சாங்கம், ஜாதகப் புத்தகம், தேவாரத் திரட்டு, சமையல் குறிப்பு, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை எல்லாம் ஒரே பலகையில் கிடக்கும். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் தரிசனம் முடிந்து, பிள்ளைக்கு வளையலும் வீட்டுக்குப் பித்தளை விளக்கும் வாங்கி, கடைசியாக இந்தப் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவார்கள். கடைக்காரர் அவசரப்படுத்த மாட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரின் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்துத் தையல்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார். நூலகப் படி மிதிக்காத எத்தனையோ பேருக்குப் புத்தகம் என்பது அந்தத் தூணடியில்தான் அறிமுகமானது. என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி.

சித்திரை மாதம் நெருங்கினால் மண்டபத்தின் நிறமே மாறிவிடும். அழகர் ஆற்றில் இறங்கும்போது வேஷம் கட்டி நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களுக்கு உடுப்பு தைக்க வேண்டும். சல்லடம், தலைக்கு உருமால், ஜரிகை வைத்த சிவப்பும் மஞ்சளும் பச்சையும். தண்ணீர் பீச்சுகிறவர்களுக்குத் தோலில் தைத்த தோப்பரை. மேலூர்ப் பக்கமிருந்தும் மானாமதுரைப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து அளவு கொடுப்பார்கள். "போன வருஷம் அப்பாவுக்குத் தச்சோம், இந்த வருஷம் நீயா?" என்று கேட்டபடியே தையல்காரர் அந்தப் பையனின் தோளில் டேப்பை வைப்பார். அளவு நோட்டில் மூன்று தலைமுறை இருக்கும். சாமி வேஷம் சாமிக்காகக் கட்டிய மண்டபத்திலேயே தைக்கப்படுகிறது, அதைத் தைக்கிறவர்கள் அந்தக் கல்லிலேயே வெயிலுக்கு ஒதுங்கி மத்தியானம் தூங்கி எழுகிறார்கள் என்பதை வெளிநாட்டவர்களுக்கு விளக்கும்போது என் குரல் தானாக உயரும். இதைவிடப் பெரிய சிற்பத்தை நான் காட்டிவிட முடியாது என்று அப்போதே நினைத்ததுண்டு.

கடைகளை எடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, கோயிலின் கிழக்குப் பகுதியில் இருந்த கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தை என்ன செய்தது என்று ஊருக்கே தெரியும். கருங்கல் சூட்டில் வெடித்துச் சிதறியது. மறுநாள் விடியற்காலை வீதியில் நின்று அழுதவர்களில் பாதிப்பேர் கடைக்காரர்கள். துணியும் காகிதமும் மின்வயரும் நிறைந்த புதுமண்டபத்தில் அப்படி ஒன்று நடந்திருந்தால் நினைத்துப் பார்க்கவே நடுங்குகிறது. இப்போது உள்ளே போனால் தடுப்புகளுக்குப் பின்னால் மறைந்திருந்த சிற்பங்கள் முழு உருவமாகத் தெரிகின்றன. பல சிற்பங்களின் முதுகையும் பாதத்தையும் நானே அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். அழகுதான். ஆனாலும் அந்த அழகைப் பார்க்கும்போது மனசு கடைகளைத் தேடுகிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் விட எனக்கு மனமில்லை.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792-ல் மதுரைக்கு வந்து இந்த மண்டபத்தை வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களின் அச்சுப் பிரதியை என் பையில் வைத்திருக்கிறேன். தூணின் வளைவும் விழும் வெளிச்சமும் அப்படியே இருக்கின்றன. 1792-ஐக் காட்ட என்னிடம் படம் இருக்கிறது. நான் சிறுவனாகச் சட்டைக்கு அளவு கொடுத்த நாளைக் காட்ட ஒன்றும் இல்லை.

இந்த ஊர் இழந்ததை எல்லாம் கணக்கெடுத்தால் முடிவே வராது. நாயக்கர் காலத்துக் கோட்டையைக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் இன்றைய வெளிவீதிகள் வந்தன. அவர் நினைவாக நிற்கும் விளக்குத்தூணடியில் துணிக்கடைக் கூட்டம் நெரிகிறது. திருமலை நாயக்கர் மஹாலில் இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அதன் முற்றத்தைச் சுற்றி நீதிமன்றம் நடந்த காலத்தை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர், இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று நாங்கள் ஊர் ஊராகப் பெருமை பேசிய தியேட்டர், இடிக்கப்பட்டு இடம் துணிக்கடையாகிவிட்டது. வடக்கு ஆவணி மூல வீதியில் சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கார் நிறுத்தம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் கருவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் இறங்கும்போது அந்த வீதி முழுக்க ஈரச் சாக்கு வாசம் அடிக்கும். காய்கறி மாட்டுத்தாவணிக்குப் போன பிறகு அந்த வீதி விடிய விடியத் தூங்குகிறது.

எல்லாம் போய்க்கொண்டேதான் இருக்கிறது என்று நினைக்கும்போது தெப்பக்குளம் என்னை மறுக்கிறது. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என் சின்ன வயசில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணீர் நிரப்புவார்கள், அப்புறம் வற்றிவிடும். வற்றியதும் நாங்கள் ஸ்டம்ப் நடுவோம். மையமண்டபத்துச் சுவரில் பந்து பட்டால் நாலு ரன். இப்போது வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சரிசெய்து குளத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறது. சாயங்காலம் படிக்கட்டில் குடும்பங்கள் வந்து உட்காருகின்றன, படகு ஓடுகிறது, வேகவைத்த சோளமும் பருத்திப்பாலும் விற்கின்றன. என் விளையாட்டு மைதானம் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அங்கே வரும்போதெல்லாம் விருந்தாளிகளை விட்டுவிட்டு நான்தான் அதிக நேரம் நின்று பார்க்கிறேன்.

கல்லும் பிழைப்பும் ஒட்டிக்கொண்டே இருக்கும் இடம் ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது: பத்துத்தூண் சந்து. நாயக்கர் காலத்துக் கட்டடம் ஒன்று அழிந்துபோக, அதன் பத்துத் தூண்கள் மட்டும் துணிக்கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். கீழே சுங்குடிச் சேலைப் பொதியை முதுகில் சுமந்துகொண்டு ஆள் வருவார், "அங்கிட்டு ஒதுங்குங்கண்ணே" என்பார். தூணில் சாய்ந்துதான் ஒதுங்க வேண்டும். நான் கூட்டிவருகிறவர்களுக்கு அந்தத் தூணைத் தொடச் சொல்வேன். கை உயரம் வரை வழுவழுவென்று இருக்கும். அதற்கு மேல் சொரசொரப்பு. வியாபாரிகளின் தோளும் முதுகும் பட்டுத் தேய்ந்த வழுவழுப்பு அது. அதை எந்தக் காவலாளியும் தடுக்கவில்லை, எந்தப் பலகையும் விளக்கவில்லை.

புதுமண்டபத்துக்கும் ஒரு பலகை வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எந்தத் தூணில் எந்தச் சிற்பம் என்று எழுதுவதோடு, எந்தத் தூணடியில் எந்தக் கடை இருந்தது என்பதையும் எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரமும் அந்த மண்டபத்தின் வரலாறுதான். அதனால் நானே தொடங்கிவிட்டேன். சாயங்காலம் வேலை முடிந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போவேன். அங்கே புதுக் கடைகள், ட்யூப்லைட், ஷட்டர்கள். வசதிதான், மழைக்கும் பயமில்லை. ஆனால் வாடிக்கையாளர் இன்னும் பழைய இடத்தில் தேடிவிட்டுத்தான் வருகிறார் என்கிறார்கள் தையல்காரர்கள். ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: "மண்டபத்துல எங்கண்ணே உக்காந்திருந்தீங்க? பக்கத்துல யாரு? உங்களுக்கு முன்னாடி அந்த இடத்துல யாரு?"

கேட்டதும் மிஷின் நிற்கும். பெரியவர் ஒருவர் சாக்பீஸை எடுத்து, வெட்டக் கிடந்த துணியின் மேலேயே மண்டபத்தை வரைந்துவிட்டார். கிழக்கு வாசல், யாளி, நடு மண்டபம். அப்பா உட்கார்ந்த இடத்துக்கு ஒரு புள்ளி, தன் இடத்துக்கு ஒரு புள்ளி, வளையல் கடை அக்காவுக்கு, புத்தகக் கடைக்காரருக்கு, காலையில் டீ கொண்டுவரும் பையன் நிற்கும் இடத்துக்கு. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இல்ல மாமா, காஜா மிஷின் அந்தத் தூணுக்கு இங்கிட்டு" என்று திருத்தினார். அவர்கள் இருவரும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, நான் அந்த வரைபடத்தை நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டேன். இதுவரை தெற்கு வரிசை முடிந்திருக்கிறது. வடக்கு வரிசையில் கடை வைத்திருந்தவர்களில் சிலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்; அவர்கள் முகவரிகளை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வைகாசி வசந்த உற்சவத்துக்குள் முடித்துவிட வேண்டும்.